அடையாற்றின் வழியை விற்றவர்கள் யார்?

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவ மழை தொடங்கிவிட்டால் பீர்க்கன்கரணையிலும் பெருங்களத்தூரிலும் முடிச்சூரிலும் வாழும் உழைக்கும் ஜனங்களுக்குத் தூக்கம் இல்லை. முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன்பு இதே ஜனங்கள் இதே மாதத்தில் வானத்தைப் பார்த்தது வேறு காரணத்துக்காக. ஏரி நிரம்புமா, நடவு வேலை கிடைக்குமா, நாலு மாதத்துக்குக் கூலி வருமா என்று பார்த்தார்கள். இன்று, ராத்திரி நீர் வீட்டுக்குள் வருமா, ரேஷன் அரிசியைப் பரண் மேல் ஏற்ற வேண்டுமா, குழந்தைகளை எந்தப் பள்ளிக்கூடத்து மாடியில் கொண்டு போய்ப் படுக்கவைப்பது என்று பார்க்கிறார்கள். மழை அதே மழைதான். பூமியும் அதே பூமிதான். மாறியது என்ன?

வெள்ளம் வந்து வடிந்த ஒவ்வொரு தடவையும் சர்க்கார் தரப்பில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: இது இயற்கையின் சீற்றம்; நூறு வருஷத்தில் காணாத மழை. ஆற்றங்கரைக் குடிசைவாசிகள்தான் குற்றவாளிகள் என்று இரண்டாவதாக ஒரு பதிலும் வரும். இந்த இரண்டு பதில்களையும் உழைக்கும் மக்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் ஆறு எப்படி நடந்துகொள்கிறது, ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஞானம் எஞ்சினீயர்களுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. மடை திறந்து நீர் பாய்ச்சிய விவசாயத் தொழிலாளிக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியை இங்கே சொல்லுகிறோம்.

ஆறு ஏன் வளைகிறது?

அடையாறு மலையில் பிறந்த ஆறு அல்ல. தாம்பரத்துக்குத் தென்மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும், படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்து உண்டாகிற ஆறு. சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. முடிச்சூர், வரதராஜபுரம், திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று அது போகிற வழியைப் படத்தில் பாருங்கள். நேர்கோடு எங்கும் இல்லை. வளைந்து, நெளிந்து, சில இடங்களில் வந்த திசைக்கே திரும்பிப் போவது போல் போகிறது. காரணம், தரை சமதளம். மைலுக்குச் சில அடிகள்தான் சரிவு. சரிவு குறைந்த மண் தரையில் ஓடும் ஆறு வளையாமல் இருக்காது. உலகம் முழுவதும் இதுதான் விதி.

அந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதை டீக்கடைக் கிளாசிலேயே பார்க்கலாம். அடியில் கொஞ்சம் டீத்தூள் தங்கிய கிளாசைக் கரண்டியால் சுழற்றிவிட்டு எடுங்கள். சுழற்சியில் தூள் ஓரத்துக்குத் தள்ளப்படும் என்று நினைப்போம். தூளோ நடுவில் வந்து குவிகிறது! மேல்மட்டத்து நீர் வேகமாகச் சுழல்வதால் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. அடிமட்டத்து நீர் கிளாசின் அடியில் உராய்ந்து வேகம் குறைகிறது. அதனால் அது உள்பக்கமாக வருகிறது. வரும்போது தூளையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஆற்றின் வளைவிலும் நடப்பது இதுவே. மேல் நீர் வளைவின் வெளிக்கரையை நோக்கி மோதி, கீழே இறங்கி, கரையை அரிக்கிறது. அரித்த மண்ணை அடிநீர் உள்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் போடுகிறது. வெளிக்கரை தேய்கிறது, உள்கரை வளர்கிறது, வளைவு இன்னும் வளைகிறது. இந்த டீ கிளாஸ் விளக்கத்தை 1926-ல் எழுதியவர் விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். சோஷலிசம் ஏன் வேண்டும் என்று 1949-ல் கட்டுரை எழுதியவரும் அவரே.

வளைவுகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆற்றின் அகலம் எவ்வளவோ, அதைப் போல் சுமார் பத்துப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்கு ஒரு முழு வளைவு அமைகிறது என்று பல நாட்டு ஆறுகளை அளந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். வளைவு மிதமிஞ்சிப் போனால் ஒரு பெருவெள்ளத்தில் ஆறு கழுத்தை அறுத்துக்கொண்டு குறுக்கு வழியில் பாயும். பழைய வளைவு குட்டையாக நிற்கும். துருக்கியில் மெண்டெரஸ் என்று ஓர் ஆறு இருக்கிறது. வளைந்து ஓடும் ஆறுகளுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரே அந்த ஆற்றின் பழைய பெயரிலிருந்து வந்தது. அது கொண்டுவந்த வண்டலால், பழங்காலத்தில் பெரிய துறைமுகமாக இருந்த மிலீட்டஸ் நகரம் இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி உள்நாட்டில் கிடக்கிறது. ஆறு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்பதற்கு இது சாட்சி.

ஆக, வளைந்து ஓடும் ஆற்றுக்கு இரண்டு வீடுகள் உண்டு. கோடையில் அது குடியிருக்கும் சின்ன வீடு ஒன்று; அதுதான் நம் கண்ணுக்குத் தெரியும் ஓடை. மழைக்காலத்தில் அது விரிந்து படுக்கும் பெரிய வீடு மற்றொன்று; அதுதான் இருபுறமும் உள்ள தாழ்ந்த வண்டல் நிலம். பெரிய வீடு வருஷத்தில் பதினோரு மாதம் காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்து, சொந்தக்காரன் இல்லாத இடம் என்று நினைத்தவன் ஏமாந்தான். அப்படி நினைக்கும்படி சொல்லி விற்றவன் ஏமாற்றினான்.

ஏரிகளின் சங்கிலி

பழைய செங்கற்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள். தரை சமமாக இருப்பதாலும், மழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுவதாலும், நீரைப் பிடித்து வைக்காவிட்டால் இங்கே ஒரு போகம்கூட விளையாது. ஆகவே ஊருக்கு ஊர் கரை போட்டார்கள். மேலே உள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கீழே உள்ள ஏரிக்கு. அது நிரம்பினால் அடுத்த ஏரிக்கு. கடைசி ஏரியின் உபரி ஆற்றுக்கு. பீர்க்கன்கரணை ஏரியின் உபரி இரும்புலியூர் ஏரிக்கும், அங்கிருந்து முடிச்சூர்ப் பக்கமாக அடையாற்றுக்கும் போக வேண்டிய நீர். ஆற்றுக்கு நேராக வெள்ளம் போகாதபடி நூற்றுக்கணக்கான இடங்களில் தடுத்து, தாமதித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்ட ஏற்பாடு இது.

தாமதத்தின் மதிப்பு என்ன என்று கணக்குப் போடுவோம். நூறு ஏக்கர் பரப்புள்ள சாதாரண ஏரி ஒன்று. ஆறடி நீர் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு இரண்டு கோடியே அறுபது லட்சம் கன அடி. வினாடிக்கு 1,000 கன அடி வேகத்தில் பாய்ந்துவரும் வெள்ளத்தை அந்த ஒரே ஏரி ஏழு மணி நேரத்துக்கு மேல் வாங்கிக்கொள்ளும். தூர்ந்து மூன்றடி ஆகிவிட்டால் மூன்றரை மணி நேரம். வீட்டுமனையாகிவிட்டால் ஒரு நிமிஷம்கூட இல்லை. ஓர் ஊரில் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு மேட்டுக்கு ஏறுவதற்குக் கிடைக்கும் அவகாசம் இந்த ஏழு மணி நேரம்தான்.

இதைச் சொல்லும்போது பழங்காலப் பெருமை பேசுவது நம் நோக்கம் அல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டில், கி.பி. 921 வாக்கில், ஏரியைக் கவனிக்கத் தனி வாரியம் இருந்தது பொறிக்கப்பட்டிருக்கிறது. உண்மை. ஆனால் அந்த வாரியத்தில் அமர நிலமும் வீடும் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் தகுதி இருந்தது என்பதும் அதே கல்வெட்டில் இருக்கிறது. கரைக்கு மண் சுமந்தவர்கள் வேறு. நீருக்கு உரிமை கொண்டாடியவர்கள் வேறு. வெள்ளைக்காரன் வந்த பிறகு, குடிமராமத்து வேலைக்கு வராத ஜனங்களைத் தண்டிக்க 1858-ல் சட்டமே போட்டான். வரி வாங்க ஏரி வேண்டும். பராமரிக்கக் கஜானாவிலிருந்து பணம் கொடுக்க மனமில்லை. ஏரியைத் தோண்டிய கைகளுக்கு ஏரியில் பங்கில்லாத நிலை அன்று தொடங்கி இன்றும் தீரவில்லை. உருவம்தான் மாறியிருக்கிறது.

நஞ்சை மனையானது எப்படி?

தாம்பரத்தைச் சுற்றித் தொழில் வளர்ந்தது. ரயில்வே பணிமனை இருந்தது. 1984-ல் தாம்பரம் சானட்டோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பெரிய பெரிய ஆலைகள் வந்தன. லட்சக்கணக்கான தொழிலாளிகள் வந்தார்கள். ஆலைகளுக்கு நிலம் கொடுத்த சர்க்கார், தொழிலாளி குடியிருக்க இடம் கொடுத்ததா? இல்லை. அந்தப் பொறுப்பை மனை வியாபாரியிடம் விட்டது.

மனை வியாபாரி மேட்டு நிலத்தை வசதி உள்ளவர்களுக்கு விற்றான். பள்ளத்தை, அதாவது ஏரியின் உள்வாயையும், ஆயக்கட்டு நஞ்சையையும், ஆற்றின் பெரிய வீட்டையும், மாதத் தவணையில் தொழிலாளிக்கு விற்றான். ஓவர்டைம் சம்பளமும், வருங்கால வைப்பு நிதியும், மனைவியின் தாலிச் சங்கிலியும் அந்த மனையில் போயின. பத்திரம் பதிந்தது சர்க்கார். வீட்டு வரி வாங்கியது சர்க்கார். மின்சார இணைப்புக் கொடுத்ததும் சர்க்கார். வெள்ளம் வந்த பிறகு, இது நீர்நிலை, நீ ஆக்கிரமிப்பாளன் என்று நோட்டீஸ் ஒட்டுவதும் அதே சர்க்கார்!

அதே சமயம் நஞ்சையில் நாற்று நட்டுப் பிழைத்த விவசாயத் தொழிலாளிக்கு என்ன நேர்ந்தது? நிலம் விற்றவனுக்குப் பணம் வந்தது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் களை எடுத்தவளுக்கு ஒரு காசு வரவில்லை. அவள் கட்டட வேலைக்குப் போனாள். வீட்டு வேலைக்குப் போனாள். தான் நட்ட வயலில் எழுந்த அடுக்கு மாடியில் பாத்திரம் தேய்க்கிறாள். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அவளுடைய குடிசை. ஆலைத் தொழிலாளியின் நஷ்டமும் விவசாயத் தொழிலாளியின் நஷ்டமும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது.

2015 காட்டிய உண்மை

2015 டிசம்பர் 1-ந் தேதி தொடங்கி மறுநாள் காலை வரையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு ஏக்கர் நிலத்தில் மட்டும் சுமார் 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 160 லாரிகளுக்கு மேல். ஏரி உள்ள ஊரில் இது செல்வம். ஏரி தூர்ந்து, கால்வாய் அடைபட்டு, தரையெல்லாம் சிமெண்ட் பூசிய ஊரில் இது எமன்.

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அந்த நாட்களில் வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அந்த ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நிறைந்த ஏரி ஒன்றரை நாளில் காலியாகிற வேகம் இது! நள்ளிரவில் ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்தபோது கழுத்தளவு நீரில் கிடந்தார்கள். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையே இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று கூறிற்று. இயற்கையின் சீற்றம் என்ற முதல் பதில் அங்கேயே உடைந்து போயிற்று.

ஆனால் இன்னொரு உண்மை அதிகமாகப் பேசப்படவில்லை. செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைக்கு அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே நவம்பர் மாத நடுவிலேயே படகு விட்டு ஜனங்களை மீட்க வேண்டி வந்தது. செம்பரம்பாக்கத்து மதகுகளை எவ்வளவு ஒழுங்காக இயக்கியிருந்தாலும் முடிச்சூர் தப்பியிருக்காது. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், படப்பை, மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர். பெருங்களத்தூர், இரும்புலியூர்ப் பக்கத்து நீர். தடுத்து நிறுத்த வேண்டிய ஏரிகள் தூர்ந்திருந்தன. போக வேண்டிய கால்வாய்கள் மெலிந்திருந்தன. போதாக்குறைக்கு, ஜி.எஸ்.டி. சாலை, ரயில் பாதை, பெருங்களத்தூரில் தொடங்கும் புறவழிச் சாலை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை ஆகியவை குறுக்கே கரை போட்டது போல் உயர்ந்து நிற்கின்றன. ஏரிக் கரையைக் கட்டியவன் கலங்கல் விட்டுக் கட்டினான். சாலையைக் கட்டியவர்கள் வெள்ளத்துக்கு விட்டது சில குழாய்களும் சின்னச் சின்னச் சிறுபாலங்களும்தான்.

2015-க்குப் பிறகு வேலையே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆதனூர்ப் பக்கம் தொடங்கி ஆற்றை அகலப்படுத்தினார்கள். வரதராஜபுரத்தில் மூடு கால்வாய்கள் கட்டினார்கள். ஆயினும் 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் மறுபடியும் படகு போயிற்று. புயலுக்குப் பிறகு ரேஷன் கடை மூலம் 6,000 ரூபாய் நிவாரணம் தந்தார்கள். நனைந்த மெத்தைக்கும், கெட்டுப்போன மிக்ஸிக்கும், போன பத்து நாள் கூலிக்கும், மூழ்கிய மோட்டார் சைக்கிளுக்கும் சேர்த்து 6,000 ரூபாய்!

வெள்ளத்தின் மறுபக்கத்தையும் மறந்துவிடக்கூடாது. 2015-ல் மூழ்கிய இதே பிரதேசத்தில் 2019 கோடையில் குடிநீர் இல்லை. செம்பரம்பாக்கம் வறண்டு தரை வெடித்துக் கிடந்தது. குடத்தோடு பெண்கள் ராத்திரி முழுவதும் லாரிக்குக் காத்து நின்றார்கள். கார்த்திகையில் துரத்தியடித்த நீரைச் சித்திரையில் விலை கொடுத்து வாங்குகிறோம். அந்த விலை யார் பைக்குப் போகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆக்கிரமிப்பாளர் யார்?

இரண்டாவது பதிலுக்கு வருவோம். குடிசைவாசிதான் ஆற்றை அடைத்தான் என்கிறார்கள். 2015-க்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பெரும்பாக்கம் முதலான இடங்களில் கொட்டப்பட்டன. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் நூற்றுக்கணக்கான வீடுகள் புல்டோசரால் இடிக்கப்பட்டன. பல வருஷங்கள் குடியிருந்தவர்கள். ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வைத்திருந்தவர்கள். ஒரு காலத்தில் கைத்தறித் துணியை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய ஊர் அது. வேலைத்தலத்திலிருந்தும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்தும் பல மைல் தள்ளிக் குடியேற்றப்பட்டவன் பஸ் கட்டணத்துக்கே கூலியில் பெரும் பங்கு கொடுக்கிறான். வீட்டு வேலை செய்த பெண் வேலையையே இழக்கிறாள். பெரும்பாக்கமாவது மேட்டு நிலமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம்! ஓர் ஆற்றின் வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று மற்றொரு நீர்க்காட்டின் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள்.

இதே அடையாற்றின் மேலே, மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை பாலமாக நீட்டப்பட்டிருக்கிறது. பால் மரக்கால் நட்ட குடிசை ஆற்றுக்குத் தடை என்றால், நூற்றுக்கணக்கான கான்கிரீட் தூண்கள் தடை இல்லையா? 2015 டிசம்பரில் ஆறு அந்த விமான நிலையத்தையே பல நாட்கள் மூடவைத்துத் தன் பதிலைச் சொல்லிற்று. ஆற்றங்கரையில் எழும்பியுள்ள அடுக்கு மாளிகைகளும் வர்த்தகக் கட்டடங்களும் சர்க்கார் அனுமதி பெற்றவை என்கிறார்கள். அனுமதிக் காகிதம் வெள்ளத்தை உறிஞ்சுமா? காகிதம் உள்ளவன் ஆற்றில் கட்டினால் அபிவிருத்தி. காகிதம் இல்லாதவன் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. இந்த இரட்டை நீதியைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

நீர்நிலைகளைக் காக்க 2007-ல் ஒரு சட்டம் வந்தது. 2023 ஏப்ரலில், பெரிய திட்டங்களுக்காக நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை, அதற்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தாலும் சேர்த்து ஒப்படைக்க வழிசெய்யும் நில ஒருங்கிணைப்புச் சட்டம், சட்டமன்றத்தில் விவாதம் இல்லாமல் நிறைவேறியது. நீரின் கொள்ளளவு குறையக்கூடாது என்று அதில் ஒரு ஷரத்து இருக்கிறதாம். கொள்ளளவை மட்டும் அளந்தால் போதுமா? ஓடைக்கு வழி வேண்டும், வளைவு வேண்டும், விரிந்து படுக்கப் பக்கத்து நிலம் வேண்டும். ஆற்றைப் பீப்பாயாக நினைப்பவர்கள் எழுதிய ஷரத்து அது.

நேராக வெட்டினால் தீருமா?

வளைவுகளை வெட்டி நேராக்கி, இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பினால் வெள்ளம் சீக்கிரம் கடலுக்குப் போய்விடும் என்று சிலர் சொல்லுகிறார்கள். காண்டிராக்டருக்கு இது பிடித்தமான யோசனை. உலகம் என்ன அனுபவம் கண்டது?

அமெரிக்காவின் புளோரிடாவில் கிஸ்ஸிமீ என்று ஓர் ஆறு. அடையாறு போலவே சமதளத்தில் வளைந்து ஓடிய ஆறு. வெள்ளத்தைத் தடுக்கிறோம் என்று 1962 முதல் 1971 வரை அதை நேராக வெட்டினார்கள். சுமார் 166 கிலோமீட்டர் ஆறு 90 கிலோமீட்டர் கால்வாயாயிற்று. இருபுறமும் இருந்த சதுப்பு நிலம் வறண்டது. மீனும் பறவையும் அழிந்தன. வடிகட்டப்படாத நீர் கீழே உள்ள ஏரியைக் கெடுத்தது. கடைசியில் அதே சர்க்கார் கோடிக்கணக்கான டாலர் செலவழித்து, 1999 முதல் 2021 வரை, கால்வாயின் ஒரு பகுதியைத் தூர்த்துப் பழைய வளைவுகளில் நீரை மறுபடி விட்டது. கடல் மட்டத்துக்குக் கீழே வாழும் ஹாலந்து தேசத்தார் பல நூற்றாண்டுகளாகக் கரையை உயர்த்தி உயர்த்திப் பார்த்துவிட்டு, இந்த நூற்றாண்டில் கரைகளைப் பின்னால் தள்ளி ஆற்றுக்கு இடம் விடத் தொடங்கினார்கள்.

இதில் தொழிலாளிக்குள்ள பாடம் தெளிவு. மேலே நேராக்கினால் கீழே வேகம் கூடும். முடிச்சூர் தப்பினால் அனகாபுத்தூர் மூழ்கும். அனகாபுத்தூர் தப்பினால் ஜாபர்கான்பேட்டை மூழ்கும். அங்கே இருப்பதும் நம் வர்க்கம்தான். ஓர் ஊர்த் தொழிலாளியின் வெள்ளத்தை மற்றோர் ஊர்த் தொழிலாளியின் தலையில் தள்ளிவிடுவது தீர்வாகாது. கடைசியில், அடையாற்று முகத்துவாரத்தில் கடல் அலைகள் கொண்டுவந்து போடும் மணல் திட்டு வாயை அடைத்துக்கொண்டிருக்கும்போது, எவ்வளவு வேகமாக அனுப்பினாலும் நீர் எங்கே போகும்?

வேறொரு சங்கடமும் இருக்கிறது. ஆறு ஒன்று, அதிகாரம் பல. பீர்க்கன்கரணைப் பேரூராட்சி 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம். எதிரே வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். கீழே போனால் சென்னை மாவட்டம். ஏரி ஓர் இலாகா, சாலை ஓர் இலாகா, மழைநீர் வடிகால் ஓர் இலாகா. மனுக் கொடுக்கப் போகிற தொழிலாளி ஒரு நாள் கூலியை இழந்து ஒவ்வோர் ஆபீசாக அலைகிறான். நீருக்கு மாவட்ட எல்லை தெரியாது. அதிகாரிகளுக்கு எல்லையைத் தவிர வேறொன்றும் தெரியாது.

நம் கோரிக்கைகள்

ஆகவே நாம் கோருவது இவை:

முதலாவது, ஆதனூர் முதல் முகத்துவாரம் வரை ஆற்றின் வெள்ளப் படுகையையும், ஏரிகளையும், வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய்களையும் பழைய கிராம வரைபடங்களை வைத்து அளந்து, எல்லைக்கல் நட்டு, சர்வே எண் வாரியாக ஊர்ச் சாவடியில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். இனி ஒரு தொழிலாளி தெரியாமல் ஆற்றை விலைக்கு வாங்கக்கூடாது.

இரண்டாவது, பீர்க்கன்கரணை, இரும்புலியூர், பெருங்களத்தூர் ஏரிகள் உள்பட எல்லா ஏரிகளையும் தூர் வாரி, கழிவு நீர் விடுவதை நிறுத்தி, ஏரிக்கும் ஏரிக்கும் இடையே உள்ள கால்வாய்களைத் திறக்க வேண்டும். சாலைகளுக்கும் ரயில் பாதைக்கும் அடியிலுள்ள நீர்வழிகளை வெள்ளத்தின் அளவுக்கு விரிவாக்க வேண்டும். வேலையைக் காண்டிராக்டரிடம் மொத்தமாக விடாமல், உள்ளூர் விவசாயத் தொழிலாளிகளுக்கு நியாயமான கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டும்.

மூன்றாவது, ஆற்றை நேராக்கிச் சுவர் கட்டும் திட்டங்களை நிறுத்தி, இன்னும் காலியாகக் கிடக்கும் தாழ்ந்த நிலங்களை வெள்ளம் விரிந்து தங்கும் இடமாக ஒதுக்க வேண்டும்.

நான்காவது, அகற்றுவதானால் மேலேயிருந்து தொடங்க வேண்டும். பெரிய கட்டடங்களைத் தொடாமல் குடிசையைத் தொடாதே! உண்மையிலேயே அபாயமான இடத்தில் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு, வேலைத்தலத்துக்கு அருகே, மேட்டு நிலத்தில், முதலில் வீடு, பிறகுதான் இடமாற்றம். மனை விற்று ஏமாற்றியவர்களிடமிருந்தும் பத்திரம் பதிந்த இலாகாவிடமிருந்தும் நஷ்ட ஈடு.

ஐந்தாவது, ஆற்றுப் படுகை முழுவதற்கும் ஒரே நிர்வாகம். அதில் தொழிற்சங்கங்களுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் பிரதிநிதித்துவம். எந்த ஏரியில் எவ்வளவு நீர், எப்போது எவ்வளவு திறக்கப்படும் என்பதை முன்கூட்டியே ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

தோழர்களே! கோரிக்கை எழுதினால் மட்டும் கால்வாய் திறக்காது. மழைக்கு முன்பே ஒவ்வொரு தெருவிலும் கமிட்டி அமையுங்கள். உங்கள் ஊர் ஏரியின் கலங்கல் எங்கே, அதன் நீர் எந்த வழியாகப் போக வேண்டும், எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்பதை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மடை பார்த்த முதியவர்கள் இன்னும் உங்கள் நடுவில் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். ஆலைத் தொழிலாளி வரைபடம் படிக்கட்டும். விவசாயத் தொழிலாளி வழி காட்டட்டும். மேல் ஊர்க் கமிட்டியும் கீழ் ஊர்க் கமிட்டியும் கைகோத்துச் சேர்ந்து மனுக் கொடுக்கட்டும். மனு அசையாவிட்டால் சேர்ந்து தெருவில் இறங்கட்டும். ஆற்றின் வழியை விற்றவர்கள் ஒன்றுபட்டுத்தான் விற்றார்கள். அதை மீட்கப்போகிறவர்களும் ஒன்றுபட்டே ஆக வேண்டும்.